நறுவிலிக்குளத்துப் போத்தல்கள்

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததில் இருந்து வாடைக்காற்று. பாலத்தில் பஸ் ஆட, மடியில் ஐஸ் பெட்டியோடு நானும் ஆட்டம். இன்று நறுவிலிக்குளம். போன தடவை கர்ப்பிணிகளுக்குக் கொடுத்த மலச் சாம்பிள் போத்தல்கள் எல்லாம் திரும்பி வந்தன! ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பக்கத்து ஊர் அடம்பனில் என்னைக் கண்டதும் பாதிப் பேர் ஒளிந்துகொண்டார்கள்.

"என்னடி ஆராய்ச்சி இது?" என்று அம்மா கேட்டதற்குச் சொன்னது: மருந்துக்குச் சாகாத கிருமி தாயின் குடலில் இருந்தால், பிறக்கும்போது பிள்ளைக்கும் தொற்றுகிறதா என்று பார்க்கிறோம். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

ஜெகதா, எட்டு மாதக் கர்ப்பிணி. முதல் பிள்ளை அகதி முகாமில் பிறந்து ஒரு கிழமையில் காய்ச்சலில் போய்விட்டதாம். ஊசி போட்டும் கேட்கவில்லை. "இந்தப் பிள்ளையையாவது எனக்குத் தாங்கோ மிஸ்." நான் என்ன கடவுளா? ஆனாலும் "ஓம்" என்றுவிட்டேன். என் வாய்.

வாங்க வேண்டியவை: செருப்பு (வார் அறுந்தது), சவர்க்காரம், உப்பு.

நவ. 6, வியாழன்

மழை. ந.குளத்துச் சாம்பிள்களில் கிருமி வளர்க்க வைத்த தட்டுகளைத் திறந்தேன். மருந்து கலந்த தட்டுகளில் ஒன்றுகூட வளரவில்லை. துள்ளினேன்! அந்த ஊரில் சாகாத கிருமியே இல்லை! ஆய்வுகூடத்து டொக்டர் வந்து, மருந்து கலக்காத தட்டுகளையும் தூக்கிப் பார்த்தார். அவையும் வெறுமை.

"குடல்ல ஒரு கிருமியும் இல்லாத மனிசரைக் கண்டுபிடிச்சிருக்கிறீர், பிள்ளை."

முகம் சுட்டது. பக்கத்து மேசை நஸ்ரின் ஒரு போத்தலை மணந்து பார்த்து, "இதென்னடி, கழுவின கிணறு மாதிரி மணக்குது?" என்றாள். பிறகு தன் இடியப்பத்தில் பாதியும் மீன் சொதியும் தந்தாள். சொதி நல்ல புளிப்பு.

நவ. 7, வெள்ளி

மறுபடி ந.குளம். புதுச் செருப்பு கடிக்கிறது. போத்தல்களில் அதென்ன மணம் என்று ஜெகதாவிடமே கேட்டேன்.

"குடியேற வரேக்க கிணத்துக்குப் போடச் சொல்லிக் குளோரின் தூள் தந்தவை மிஸ். நீங்கள் கையில எடுத்துப் பாக்கிறனீங்கள். அதை அப்பிடியே தரலாமோ? எல்லாற்ற போத்தலுக்கையும் நான்தான் ஒரு கிள்ளுப் போட்டுவிட்டனான்."

மரியாதையாம்! சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாம்பிள் எல்லாம் மறுபடி.

என்ன மருந்து குடித்தாய் என்று கேட்டதற்கு ஒரு பிஸ்கற் ரின்னைக் கொண்டுவந்தாள். பாதி பாதி முடிந்த குளிசை அட்டைகள். "காய்ச்சல் விட்டா மிச்சத்தை வைச்சிருவம். திரும்ப ஓட வேண்டி வந்தா மருந்துக்கு எங்க போறது?" பாதியில் நிறுத்தினால் தப்பிய கிருமிதான் பெருகும் என்று விளக்கினேன்.

"அப்ப அதுவும் எங்களைப் போலத்தான் எண்டுங்கோ."



நவ. 9, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை, மாதாவே மன்னியும். ஆனால் புதுச் சாம்பிள்களில் கிருமி வளர்ந்துவிட்டது! தட்டு நிறைய ரோசா நிறப் புள்ளிகள். மருந்துத் தட்டிலும்! தனியே நின்று கைதட்டினேன். பிறகுதான் பெயரைப் பார்த்தேன். ஜெகதா. கை அப்படியே நின்றது.

நவ. 11, செவ்வாய்

வழக்கமாகப் போடும் ஊசி மருந்துகள் ஒன்றுக்கும் அந்தக் கிருமி அசையவில்லை. ஒரே ஒரு மருந்தைச் சுற்றி மட்டும் கிருமி வளராத சுத்தமான வட்டம். அது போதும்!! டொக்டர்: "குடல்ல இருக்கிறவரைக்கும் தாய்க்கு ஒண்டுமில்லை, மருந்தும் வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா இதைத்தான் போடோணும். பிரசவ வோட்டில சொல்லி வையும்." ஓடிப்போய்ச் சொன்னேன். திரும்பி வர, ஆய்வுகூட வாசலில் கழுதை ஒன்று மட்டைப் பெட்டியைத் தின்றுகொண்டு நிற்கிறது.

டிச. 3, புதன்

ஜெகதாவுக்குப் பெண் பிள்ளை! இங்கேதான், எங்கள் ஆஸ்பத்திரியில். தலை நிறைய மயிர். நஸ்ரினுக்கும் எனக்கும் கற்கண்டு.

டிச. 5, வெள்ளி

பிள்ளைக்குச் சூடு. பால் குடிக்கவில்லை. ஜெகதா சுவரைப் பார்த்தபடி இருக்கிறாள். புதுசாக வந்த டொக்டர் வழக்கமான ஊசியை எழுதப் போனாராம். வோட்டுத் தாதி மிசி மறித்து, "இந்தத் தாயின்ர பிள்ளைக்கு மற்ற ஊசி, டொக்டர்" என்றாராம். அதையே போட்டார்கள். பிள்ளையின் இரத்தமும் என் மேசைக்கு வந்தது. ஒரு வேலையும் ஓடவில்லை. பயம். நல்ல பயம்.

டிச. 7, ஞாயிறு

இரத்தத்திலும் அதே கிருமிதான்! ஆனால் காய்ச்சல் விட்டுவிட்டது. பிள்ளை பால் குடிக்கிறது! குடிக்கிறது! நான் போட்ட கூச்சலுக்கு வெளியே கழுதை மறுமொழி சொன்னது. நஸ்ரின் "அல்ஹம்துலில்லாஹ்" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். ஊசி இன்னும் முடியவில்லை, முழுதும் போட்ட பிறகுதான் வீடு. ஜெகதாவே மிசியிடம் சொன்னாளாம்: "பாதியில நிப்பாட்டிப்போடாதேங்கோ."

டிச. 16, செவ்வாய்

வெயில், கனநாளைக்குப் பிறகு. இன்று தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் போகிறார்கள். பிள்ளையைத் தூக்கி என் கையில் வைத்தாள். பாரமே இல்லை. பிறகு சேலை மடிப்புக்குள் இருந்து பிள்ளையின் சாம்பிள் போத்தலை எடுத்துத் தந்தாள். மூடியின் நடுவில் கறுப்புப் பொட்டு.

"குளோரின் போடேல்லை அக்கா. நாவூறு படக்கூடாதெண்டு பொட்டு மட்டும் வைச்சனான்."

துடைக்காமல் ஐஸ் பெட்டியில் வைத்தேன்.