நங்கூரம் போட்ட மாப்பிள்ளை

மார்ச் 4

இன்றைக்கும் அதே கூத்து. எங்கள் கம்பெனியின் மிகப் பெரிய கப்பல் வெளிநாட்டிலிருந்து இங்கே பாதி காலியாகக் கிளம்பியிருக்கிறது. கப்பல் பெரிதாக இருந்தால் ஒரு கண்டெய்னருக்கு ஆகும் செலவு குறையும் என்று கட்டினார்கள். உண்மைதான், நிரம்பினால். எதிர்க் கம்பெனிக்காரனும் அதே கணக்கைப் போட்டு அதே அளவில் கட்டிவிட்டான். இப்போது உலகம் முழுக்க வாங்குகிறவர்கள் கையை இறுக்கிக்கொண்டார்கள். இருக்கிற கொஞ்சம் சரக்குக்கு எல்லாரும் அடித்துக்கொள்கிறோம். வருகிற வாடகை எரிபொருளுக்கே காணவில்லை. பயணத் திட்டம் போடுகிறவன் நான் என்பதால் திட்டு மட்டும் குறைவில்லாமல் வந்து சேர்கிறது.

மார்ச் 6

மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘சதவீதம்’. “ஃப்யூயல் செலவுல முப்பது சதவீதம் கொறைச்சுக் காட்டு” என்றார். காட்டினேன். அந்தப் பெரிய கப்பலை மெதுவாக ஓட்டினால் போதும், எரிபொருள் மளமளவென்று குறைகிறது. தாமதமானால் யார் கேட்கப்போகிறார்கள்? கடைகளில் பழைய சரக்கே தேங்கிக் கிடக்கிறது. சதவீதம் முதுகில் தட்டிக்கொடுத்தார். வீட்டுக்கு இனிப்பு வேறு வாங்கிவந்தேன்.

அதே நாள், சாப்பாட்டுக்குப் பிறகு

இனிப்பைத் தின்றுகொண்டே பெருமையடித்தேன். தங்கை, கையில் எடுத்ததைத் தட்டிலேயே போட்டாள்.

“எந்தக் கப்பல்ணா?”

அந்தக் கப்பல்தான். இருபத்தெட்டாம் தேதி அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற மாப்பிள்ளை இன்ஜினியராக இருக்கிற கப்பல். கல்யாணத்துக்கு அவர் வந்து இறங்கவேண்டிய கப்பல்! எனக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா? கப்பலின் எண்ணைப் பார்த்தேன், வேகத்தைப் பார்த்தேன். உள்ளே ஆள் இருக்கிறார் என்பது மண்டையில் ஏறவே இல்லை.

“இத்தனை கப்பல் இருக்க, இதுதான் கெடச்சுதாடா உனக்கு?” என்றாள் அம்மா. அதற்குப் பிறகு பேச்சு வார்த்தை இல்லை.

மார்ச் 9

வேகத்தைக் கூட்டலாமா என்று கெஞ்சினேன். “உன் கணக்குதானேப்பா? நல்லாத்தானே இருக்கு” என்றார் சதவீதம்.

மாப்பிள்ளை போனில், “மச்சான், நீந்தி வந்திருந்தா இந்நேரம் வந்து சேர்ந்திருப்பேன்” என்று சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 17

மாப்பிள்ளை கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாக வந்துவிடுவாராம். அம்மா இன்று என்னிடம், “உப்பு எடு” என்றாள். பரவாயில்லை, முன்னேற்றம்தான்.

மார்ச் 23

ஐயோ, அடுத்த இடி. பெரிய கப்பலின் அடுத்த பயணம் ரத்து. முந்தின துறைமுகத்திலேயே சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக வந்து, இங்கே வெளியே நங்கூரம் போட்டு நிற்குமாம். வியாபாரம் எழும் வரைக்கும்! நிற்கிற கப்பலுக்கும் மின்சாரம் வேண்டும், இயந்திரம் கெடக் கூடாது. அதனால் இன்ஜினியர் இறங்கக் கூடாது. மாற்று ஆள்? “புது ஆள் எடுக்கறதையே நிறுத்தியாச்சே” என்றார் சதவீதம். ஓடினால் நஷ்டம், நின்றாலும் செலவு. இதைக் கட்டியவன் யார்? என் கையில் கிடைத்தால் —

மார்ச் 26

கப்பல் வந்துவிட்டது. ஆபீஸ் ஜன்னலிலிருந்தே தெரிகிறது. கண்ணெதிரே மாப்பிள்ளை, கரைக்கு வர வழியில்லை.

அவர் வீட்டில் கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்கிறார்கள். எதுவரைக்கும்? சரக்கு எப்போது வரும் என்று எவனுக்குத் தெரியும்? தங்கை அழுவாள் என்று பயந்தேன். அவள், “அவரால எறங்க முடியலைன்னா நான் ஏறிட்டுப் போறேன்” என்றாள்.

மார்ச் 27

சதவீதத்தின் அறையில் கத்திவிட்டேன். வேலை போனால் போகட்டும். “சும்மாத்தானே சார் நிக்குது? கல்யாணத்துக்கு ஒரு மணி நேரம் குடுங்க. சொட்டு ஃப்யூயல் ஆகாது!” நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தவர் கடைசியில், “படகுச் செலவு உங்களுது” என்றார்.

மார்ச் 28

படகில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம், திருமணப் பதிவு அதிகாரியையும் சேர்த்து. கப்பலின் பக்கவாட்டில் தொங்கிய ஏணியில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டே ஏறினாள். மேலே மாப்பிள்ளை, தேய்த்த சீருடையில்; காலரில் மட்டும் கிரீஸ். தங்கை அதைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அம்மா அந்தக் காலித் தளத்தைச் சுற்றிலும் பார்த்தாள். “இவ்ளோ பெரிய எடத்தை வெச்சுக்கிட்டு, பத்துப் பேரைத்தானேடா கூட்டிட்டு வந்திருக்க?”

அதுவும் என் தப்புதான்.

திரும்பும்போது தங்கையும் எங்களோடு படகில் ஏறினாள். கப்பலில் தங்க அனுமதி இல்லை.

ஏப்ரல் 9

ஞாயிற்றுக்கிழமைகளில் படகு பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். மற்ற நாட்களில் நான் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் அதே கேள்வி.

“கப்பலுக்குச் சரக்கு கெடச்சுதாண்ணா?”

“இன்னும் இல்ல.”

“அப்பாடா.”

இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் என் நாற்காலிக்கே ஆபத்து என்று சதவீதம் இன்றுதான் எச்சரித்தார். சரக்கு வந்தாலோ மாப்பிள்ளை போய்விடுவார். அவள் ‘அப்பாடா’ என்றதும், வெட்கக்கேடு, எனக்கும் அப்படித்தான் இருந்தது.