கொட்டாவியால் முறிந்த கட்டிய உடன்படிக்கை

நலமே விளைக. மழை தவறா வேங்கைக்குன்ற நாட்டின் தலைமை அமைச்சன் இளநாகன், மன்னர் செங்கோடர் திருவாணையால் விடுக்கும் ஓலை. அரண்மனை வாயிலில் நின்று அரச பட்டங்களை முழங்கும் கட்டியக்காரர், முழவூர்க் கொற்றம்பூதனார் காண்க. தங்கள் ஊரும் உறவும் வாழ்க. தங்கள் தொண்டை மட்டும் சற்றே ஓய்க.

தாங்கள் கட்டியம் கூறி முடிக்கும்வரை எவரும் குறுக்கிடலாகாது, மன்னரே ஆயினும் வாயிற்படி தாண்டலாகாது என்பது நம் நாட்டு வழக்கம். தங்களுடன் செய்த கட்டிய உடன்படிக்கையிலும் அவ்வாறே பொறித்தோம். அதற்குக் கட்டுப்பட்டு, தூக்கிய காலை ஊன்றாமல் நம் மன்னர் நின்ற நாள்கள் பல. அப்படி நின்ற ஒரு நாள் அவர் கொட்டாவி விட்டது உண்மை. அதைத் தாங்கள் மனத்தில் வைத்துக்கொண்டு, மறுநாள் முதல் ‘பகைவர் நடுங்கும் சிங்கம்’ என்பதை விடுத்து, ‘பல்லியைக் கண்டால் கட்டிலேறும் பெருமான்’ என்றும் ‘பாகற்காயை இலைக்கடியில் ஒளிக்கும் கோமான்’ என்றும் முழங்கத் தொடங்கினீர்கள். சமாதானம் பேச வந்த என்னையும் ‘தலைப்பாகைக்குள் வழுக்கையைக் காக்கும் அமைச்சர்’ என்று வரவேற்றீர்கள்.

அதையும் பொறுத்தோம். ஆனால் நீலத்துறை நாட்டு இளவரசி அல்லியங்கோதையார், நம் மன்னரை மணப்பதா வேண்டாவா என்று முடிவு செய்ய வந்திறங்கிய நன்னாளிலும் தாங்கள் ஒன்றையும் குறைக்கவில்லை. மன்னரின் குறட்டையையும் புதிதாகச் சேர்த்தீர்கள். மன்னர் வியர்த்து வழிந்து நின்றார். தங்கள் குரலை அமிழ்த்தப் பட்டத்து யானையைப் பிளிறச் செய்ய நான் பட்ட பாடும் வீண். அதுவும் தங்களையே கேட்டுக்கொண்டிருந்தது.

நமக்குள் உறவு முறிந்தபின் உடன்படிக்கை எதற்கு? இவ்வோலை தங்கள் கை சேர்ந்ததும் அது முடிவுற்றது. கட்டியத்துக்குரிய வெள்ளித்தடியை ஒப்படைத்து, வாயில்மாடத்து அறையைக் காலி செய்க.

இளவரசியார் மணத்துக்கு இசைந்தார் என்பதையும் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். பிற மன்னர்களின் குறைகளைத் துருவித் துருவித் தாம் அலுத்ததாகவும், இங்கே அவை வாயிலிலேயே கிடைத்ததாகவும், பல்லியைத் தாமே விரட்டுவதாகவும் அருளினார். தங்களைத் தம் பணியில் ஆயுள் முழுதும் அமர்த்தியும் கொண்டார். ஆகவே தங்கள் மூட்டை முழவூருக்கன்று, அரசியார் மாளிகை வாயிலுக்கே போகட்டும். மன்னர் அங்கு நுழையும்போதெல்லாம் முழங்க வேண்டுமாம்.

வேங்கை முத்திரை இடப்பெற்றது. மன்னர் இவ்வோலையின் முன்பாதியைப் படித்த மகிழ்ச்சியிலேயே இட்டுவிட்டார். தங்கள் புதுப்பணியைக் கூறும் பின்பாதியை அவரிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. மணநாளில் தாங்களே முழங்கித் தெரிவிக்க. இது ஆணை.