நத்தார் தாத்தாவின்ரை கண்

இஞ்சாருங்கோ,

நானும் றெபேக்காவும் சேர்ச்சுக்குக் கரோல் பழகப் போறம். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் மேசையிலை மூடிக்கிடக்கு. உங்கடை அக்கா கேக் கொண்டு வருவா. நீங்கள் வெளிக்கிட்டால் வீட்டைப் பூட்டித் திறப்பைப் பூச்சாடிக்குக் கீழை வையுங்கோ.

இனி முக்கியமான கதை. றெபேக்கா கலர்க் கடதாசியிலை வெட்டி ஒட்டின நத்தார் தாத்தாவுக்கு ரெண்டு கண்ணும் ஒரே பக்கத்திலைதான் இருக்கவேணும். அது பிக்காசோவின்ரை பாணி. ஞாயிறுப் பள்ளி ரீச்சர் காட்டிக் குடுத்தவ. நீங்கள் பிழையெண்டு நினைச்சு ஒரு கண்ணை உரிச்சு மற்றப் பக்கத்திலை ஒட்டிப்போட்டியள்! "அப்பா, அது அப்பிடித்தான்" எண்டு அவள் கத்தினதையும் கேக்கேல்லை. காலமை தொடக்கம் ஒருத்தரோடையும் கதைக்கிறாளில்லை.

பின்னேரம் அதைச் சேர்ச்சிலை தொங்கவிடவேணும். நாங்கள் வாறதுக்குள்ளை கண்ணைப் பழைய இடத்திலை ஒட்டிவையுங்கோ. கம் போத்தல் அலுமாரிக்கு மேலை. எனக்குக் கோபமில்லை. கொஞ்சம்தான்.

சீலா

பி.கு.: ரீவிக்குப் பக்கத்திலை இன்னொரு கடதாசி முகம் கிடக்கு. கீழை 'அப்பா' எண்டு எழுதிக்கிடக்கு. வாய் ரெண்டு, காது ஒண்டுமில்லை. அதிலை மட்டும் கை வையாதேங்கோ. அச்சொட்டா நீங்கள்தான்.