தவளை ப்ரூச்சின் பின்பக்கம்

மார்ச் 6, வெள்ளி

தவக்கால வெள்ளி. பங்குக் கோயிலின் அடித்தளக் கூடத்தில் மீன் வறுவல். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அறுபத்து மூன்று வயதிலும் இந்த முகத்தில் ஏதோ இருக்கிறது போல என்று நானும் பதிலுக்குச் சிரித்துவைத்தேன். தட்டை நீட்டும்போது பங்குச் சாமியார் சொன்னார், “நார்ம், அந்தச் சிவப்பு உனக்கு எடுப்பா இருக்குப்பா.”

தொட்டுப் பார்த்தால் வலது காதில் சிவப்புத் திராட்சைக் கொத்துத் தோடு. சந்தையில் பழைய நகை விற்கிறவன் நான். கவ்வு அதிகமாக இறுக்குகிறதா என்று விற்கும் முன் என் காதிலேயே மாட்டிப் பார்ப்பது வழக்கம். மாட்டினேன். மறந்தேன். அப்படியே வங்கிக்கும் போய்விட்டு வந்திருக்கிறேன்.

நோயெலிடம் போனில் சொன்னேன். அவள் சிரித்து முடிக்கும்வரை மீன் ஆறிப்போய்விட்டது. “இடது காதுல ஏன் போடல? ஒத்தையா போட்டா யாரும் வாங்க மாட்டாங்கன்னு நீங்கதானே சொல்வீங்க?” என்கிறாள். என் மகள்.

மார்ச் 8, ஞாயிறு

கோபத்தோடு எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

பழைய பஞ்சாலைக்குள் நடக்கும் எங்கள் சந்தையில் இன்று நல்ல கூட்டம். பதினொரு மணிக்குப் பச்சைக் கோட்டு போட்ட ஒரு பெண்மணி நேராக என் மேசைக்கு வந்தாள். பிப்ரவரியில் என்னிடம் வாங்கிய, கோட்டில் குத்திக்கொள்ளும் தவளை ப்ரூச்சைக் கண்ணாடிமேல் குப்புற வைத்தாள்.

“இது டெல்மாரா இல்ல. தகடு வேற எதுலேர்ந்தோ எடுத்து ஒட்டினது.”

டெல்மாரா நகை ஃபாக்டரி இந்த ஆற்றங்கரையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கவரிங் நகைதான், ஆனால் ராணிகூட ஏமாந்துபோகும் கவரிங். பின்னால் அவர்கள் பெயர் பொறித்த சின்னத் தகடு இருந்தால் அடித்துப்பிடித்து வாங்குவார்கள். இல்லாவிட்டால் அதே தவளை பத்தோடு பதினொன்றாகத் தட்டில் கிடக்கும்.

நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். “அம்மா, நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே நான் அந்த ஃபாக்டரியில தோட்டை அட்டையில குத்தி அடுக்கினவன். எனக்குப் பாடம் நடத்தாதீங்க.”

“அப்படின்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்,” என்றாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

பணத்தை மேசைமேல் எறிந்தேன். அவள் போய்விட்டாள். பக்கத்து மேசை டொலோரெஸ் ஃபுர்டாடோ, பொத்தானும் ஜெபமாலையும் விற்கிறவள், தவளையை எடுத்து லென்ஸில் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திருப்பிக் கொடுத்தாள். இருபது வருஷமாக என் சட்டைக் காலரைக்கூட விமர்சிக்காமல் விடாதவள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூன்று மணிக்குச் சந்தை நடத்தும் லூ பெட்ரார்கா வந்து என் கண்ணாடிப் பெட்டிக்குக் குறுக்கே நாடா ஒட்டினான். “சனிக்கிழமை காலையில மூணு பேர் உக்காந்து பார்ப்போம், நார்ம். ரூல் ரூல்தான்.” என்னிடம் ரூல் பேசுகிறான். அந்த ரூலை எழுதும்போது எழுத்துப்பிழை திருத்தினவனே நான்தான். அதுவும் தப்பாகத் திருத்தினேன்.

மார்ச் 9, திங்கள்

கோபத்தில் தூக்கமில்லை. அந்தப் பச்சைக் கோட்டு மேல் கோபம். லூ மேல் கோபம். டொலோரெஸ் மேல் இரண்டு மடங்கு.

ரூல் என்னவென்றால்: போலித் தகடு என்று புகார் வந்தால் மூன்று கடைக்காரர்கள் அந்தப் பெட்டியில் இருக்கும் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பார்கள். போலியைக் குறடால் எல்லார் முன்னாலும் பிடுங்குவார்கள். மேசை போய்விடும். ஆறு வருஷத்துக்கு முன் ஒருத்தனுக்கு அப்படி நடந்தபோது குறடு பிடித்தது இந்தக் கைதான். அன்று எனக்குக் கொஞ்சம் குஷியாகவே இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பதினோரு வயதில் டெல்மாரா குப்பைத் தொட்டியில் ஒரு கால் உடைந்த நண்டு ப்ரூச்சைக் கண்டெடுத்தேன். அன்று பிடித்த பைத்தியம். செத்தவர் வீட்டுச் சாமான் விற்கிறார்கள் என்றால் விடியும் முன் போய் வரிசையில் நிற்பேன். பத்தாம் வகுப்போடு படிப்பு போனது, இது போகவில்லை. நோயெலின் அம்மா ஃப்ளோரிடாவுக்குப் போனதுகூட இதனால்தான். “உன் ப்ரூச்சுங்களோட ஒரே வீட்டுல குடித்தனம் பண்ண முடியாது” என்றாள். அப்போதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை, மன்னிக்கணும்.

என்னைப் போய்த் திருடன் என்கிறார்களா?

மார்ச் 10, செவ்வாய்

தவளையைச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து லென்ஸில் பார்த்தேன். பழைய ஈயப்பற்று பென்சில் கரி மாதிரி மங்கிக் கிடக்கும். இது புதுக் கரண்டி மாதிரி மின்னுகிறது. தகட்டைச் சுற்றி முலாம் லேசாகப் பொரிந்திருக்கிறது.

வீட்டுப் பெட்டியையும் கொட்டிப் பார்த்தேன். அதே புதுப் பற்றோடு இன்னும் நான்கு. ஒரு மீன், இரண்டு இலை, ஒரு வண்டு.

ஐந்தும் வேறு வேறு இடத்தில் வாங்கியது. ஐந்துக்கும் ஒரே ஒரு பொது விஷயம்தான் — கல் பதிக்க, கொக்கி மாற்ற, ஐந்தும் ஒரே மேசைக்குப் போய் வந்தவை.

மார்ச் 11, புதன்

மத்தியானம் நோயெல் வீட்டுக்குப் போனேன். பின்னறையில் நகை பழுதுபார்க்கும் மேசையில் வேலையாக இருந்தாள். தவளையை அவள் முன்னால் வைத்தேன்.

“இது யார் வேலை?”

நிமிரக்கூட இல்லை. “என் வேலைதான். நல்லா உக்காந்திருக்குல்ல?”

“திருட்டுடி இது.”

“யார்கிட்ட திருடினேன்? உடைஞ்ச டெல்மாராவுலேர்ந்து தகட்டை எடுத்தேன், முழுசா இருக்கற டெல்மாராவுல வச்சேன். அது டெல்மாராதான்னு சொன்னது யாரு? நீங்கதான். வர்றவங்க போறவங்ககிட்டல்லாம், ‘இது அவங்க அச்சுதான், தகடுதான் இல்ல, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்’னு. நான் கண்ணைத் திறந்துக்கிட்டு ஒட்டினேன், அவ்வளவுதான்.”

“நான் சொன்னா டெல்மாரா ஆயிடுமா?”

“இந்தக் கேள்வியை நீங்க உங்களைக் கேட்டிருக்கணும். முப்பது வருஷத்துக்கு முன்னாடி.”

 ஏன், ஏன் என்று கத்தினேன். அவள் பற்றவைக்கும் ஊதுகுழலை அணைத்தாள்.

“உங்க மேசைகிட்ட யாரும் நிக்கறதில்லப்பா. நீங்க ஜோக் சொல்றீங்க. சிரிச்சுட்டு அடுத்த மேசையில போய் வாங்கறாங்க. ஞாயிறு சாயந்திரம் எல்லாத்தையும் திரும்ப ஒவ்வொண்ணா பஞ்சுல சுத்தி வைக்கறீங்க. என்னால பாக்க முடியல.”

எனக்காகவாம்! நான் கேட்டேனா? யாராவது நின்றால் போதும் என்று அவளிடம் வந்து அழுதேனா? கதவை அறைந்துவிட்டு வரலாம் என்று பார்த்தால், கீழே கம்பளம் சிக்கி அது பாதியில் நின்றுவிட்டது. குனிந்து கம்பளத்தைச் சரிசெய்து, மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன். என் கோபத்துக்கு ஒரு கதவுகூடக் கிடைக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

காலையில் ரொட்டி சுடும் இயந்திரத்தைத் திட்டினேன். நியாயமாகப் பார்த்தால் அது ஒன்றும் செய்யவில்லை.

மார்ச் 13, வெள்ளி

மீன் வறுவலுக்குப் போகவில்லை. நோயெல் போன் செய்தாள்.

“நாளைக்கு நானும் வரேன். நான்தான் பண்ணினேன்னு சொல்லிடறேன்.”

“சொல்லி?”

“சொல்லி முடிச்சிடலாம்.”

முடிந்துதான் போகும். பஞ்சாலையில் அறுபது மேசை. பாதிப்பேர் கல் விழுந்தால் இவளிடம்தான் வருவார்கள். அவள் சாப்பாடு அதில்தான். நாளைக்கு அவள் பெயர் வந்தால் இந்த மாநிலத்தில் ஒருத்தன்கூட ஒரு கொக்கியை நம்பிக் கொடுக்க மாட்டான். எனக்கு என்ன, பென்ஷன் வருகிறது, முழங்கால் வலி வருகிறது, ரெண்டும் மாதாமாதம் தவறுவதில்லை. அவளுக்கு முப்பத்தொன்று.

“நீ வாயைத் திறந்தா நான் உனக்கு அப்பன் இல்ல” என்றேன். சொன்ன பிறகு எனக்கே நாடகம் மாதிரி இருந்தது. அவள் சிரிக்கவில்லை.

அவள் மேல் கோபம் தீர்ந்துவிட்டதா? இல்லை. தீரவே இல்லை. அது வேறு, இது வேறு.

மார்ச் 14, சனி

காலை எட்டு மணி. கதவு திறக்கும் முன். லூ, டொலோரெஸ், கடிகாரம் விற்கும் எவரெட் ஸ்ப்ரேக். நாடாவைக் கிழித்தார்கள். ஒவ்வொன்றாகத் திருப்பினார்கள். பின்னால் மற்ற கடைக்காரர்கள் கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார்கள். கூடத்தைச் சூடேற்றும் வெந்நீர்க் குழாய் இன்னும் சூடாகவில்லை.

பதினொன்று போலி.

“யார் பண்ணினது நார்ம்?” என்றான் லூ.

“நான்தான்.”

எவரெட் பக்கென்று சிரித்துவிட்டான். டொலோரெஸ் சிரிக்கவில்லை. “நீயா? உன் மேசை விளக்குக்கு ஒயர் ஒட்டறேன்னு போன வருஷம் கட்டடத்துக்கே கரண்ட் போக வச்சியே, அந்தக் கையாலயா?”

“பழகிக்கிட்டேன்.”

“எப்ப? செவ்வாய்க்கிழமையா?”

“டொலோரெஸ், எழுதிக்கச் சொல்லு லூவை. நான்தான்.”

“யோசிச்சுச் சொல்லுய்யா” என்றான் லூ. எனக்கு ரத்தம் கொதித்தது. நாற்பது வருஷத்தில் நான் சொன்ன புளுகையெல்லாம் நம்பினார்கள். ஒரே ஒரு தடவை உண்மையாகவே நம்பவைக்கவேண்டிய பொய் சொன்னால், நம்பமாட்டேன் என்கிறார்கள்.

அப்போது நோயெல் வாசலில். அவ்வளவு சொல்லியும் வந்துவிட்டாள். கையில் அட்டைத் தட்டில் காபி. “அப்பா—” என்று ஆரம்பித்தாள்.

டொலோரெஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “காபியை வச்சுட்டுப் போம்மா. பெரியவங்க பேசிட்டிருக்கோம்.”

நோயெல் வைத்தாள். போகவில்லை. ஆனால் பேசவும் இல்லை.

டொலோரெஸ் குறடை எடுத்தாள். ஒவ்வொரு தகட்டையும் பிடுங்கும்போது ஒரு சின்னச் சத்தம், பல் பிடுங்குவது போல. பதினொன்றாவது, ஒரு தும்பி, சீக்கிரம் வரவில்லை. மூன்று முறை இழுத்தாள்.

“கை இருக்கு” என்றாள், என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, ஆனால் வாசல்வரை கேட்கும்படி. “புத்திதான் இல்ல.”

மேசையை நாளைக்குள் காலி செய்யவேண்டும்.

மார்ச் 15, ஞாயிறு

காலி செய்தேன். எவரெட் பெட்டி தூக்க வந்தான். வேண்டாம் என்றேன். மறுபடி வந்தான். தூக்கித் தொலை என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

சந்தை இல்லாத முதல் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமையில் இவ்வளவு மணி நேரம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

மத்தியானம் நோயெல் வந்து, சிப்பி இறைச்சி போட்ட கிளாம் அடை சாப்பிடலாம் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டாள். பின்சீட்டில் பெரிய காகிதப் பை. “டொலோரெஸ் குடுத்தனுப்பினாங்க. அறுந்த ஜெபமாலை, முப்பத்திரண்டு. பழைய கம்பியிலயே கோக்கணுமாம். புதுசு ஒரு கண்ணிகூட இருக்கக் கூடாதாம். ஒவ்வொண்ணையும் திருப்பிப் பாப்பாங்களாம்.”

“பாக்கட்டும்” என்றேன்.

 பாலத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கில் நின்றபோது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “அப்பா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“பச்சை விழுந்துடுச்சு. போ.”

போனாள். அடை சாப்பிட்டோம். அவள் பங்கில் பாதியை என் தட்டுக்குத் தள்ளினாள். 

அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். போன அக்டோபரில் அந்தத் தும்பி அவளிடமிருந்து திரும்பி வந்தது. தகடு இல்லாமல் போனது, தகட்டோடு வந்தது. ஜன்னலுக்குக் கொண்டுபோய் லென்ஸில் பார்த்தேன். பளிச்சென்று ஒரு கோடு, மயிரிழை அளவு, எங்கும் வழியாமல். டெல்மாராவில் ஒருத்தன்கூட இவ்வளவு சுத்தமாகப் பற்றவைத்ததில்லை, என் பெண் செய்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு அதைத் துடைத்து, முன்வரிசையில், விளக்குக்கு நேர் கீழே வைத்தேன்.