ஆறாவது படியில் உன் சித்தப்பா

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தினம் ஒரு சண்டை போடும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம், அங்கே சண்டைக்கு ஆள் இல்லாவிட்டாலும் நீ அதே தெம்போடு இருப்பாய் என்று நினைக்கிறேன். கடையில் வெயிலுக்குப் பழுதான ஃபிரிட்ஜுகள் வாசல்வரை நிற்கின்றன, உள்ளே போக நான்தான் வயிற்றை எக்க வேண்டியிருக்கிறது.

உன் படிப்பைப் பற்றி எனக்குப் புரிகிற மாதிரி எழுது என்று கேட்டேன், நீயும் மனிதன் பிறந்ததிலிருந்து கண் மூடும்வரை மனசளவில் எட்டுப் படி ஏறுகிறான் என்று ஒரு அறிஞர் சொன்னதை அழகாக விளக்கியிருந்தாய். பத்தாவதையே இரண்டு தடவை எழுதிப் பார்த்தவன் நான், ஆனாலும் இதை விடவில்லை, வீட்டில் யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று ஆராய்ச்சியில் இறங்கினேன். எல்லாவற்றையும் நானே செய்வேன் என்று இரண்டு வயதுக் குழந்தை அடம்பிடிக்குமே, அந்தப் படியை விட்டு உன் அம்மா இன்னும் இறங்கவும் இல்லை ஏறவும் இல்லை. இதை அவளிடமே சொன்னேன், அன்று சாயங்காலம் எனக்குத் தேநீர் வரவில்லை. அடுத்த தலைமுறைக்கு எதையாவது கொடுக்கிற ஏழாவது படியில் நான் இருக்கிறேன், புத்திமதியாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன், வாங்கத்தான் ஆள் இல்லை. இடித்தது அந்த ஆறாவது படிதான். இன்னொருவரோடு மனசு ஒட்டி வாழப் பழகுவது பெரும்பாலும் இருபது வயதை ஒட்டி நடக்கும் என்று எழுதியிருந்தாய். உன் சித்தப்பா ஐம்பத்தொன்பதில் அதில் கால் வைத்திருக்கிறார், கெட்டியாக உட்கார்ந்துகொண்டு படி.

படுத்த படுக்கையாகக் கிடந்த உன் தாத்தாவைப் பார்த்துக்கொண்டதில் சித்தப்பாவுக்குக் கல்யாண வயசு போனது உனக்குத் தெரியும். அவர் லிஃப்ட் ஓட்டும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் ஒரு அம்மாள் வேலை பார்க்கிறார், கணவரை இழந்தவர், வளர்ந்த மகன் இருக்கிறான். அந்த அம்மாள் இறங்க வேண்டியது இரண்டாவது மாடி. நம் ஆள் ஐந்தாவதுவரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுவாராம், அவரும் ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லையாம். இப்படியே மேலும் கீழுமாகப் போய்க் கல்யாணப் பேச்சு வந்துவிட்டது. உன் அத்தை காதில் விழுந்ததும், பேரன் எடுக்குற வயசுல பொண்ணு எடுக்கக் கிளம்பிட்டானே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதையாவது தாங்கலாம். மகன் மனசார ஒத்துக்கொள்ளாமல் எதுவும் வேண்டாம் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார், அவனோ இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறானாம். சித்தப்பா ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தார், அண்ணே நீங்க வந்து பேசுங்க என்றார். பேசுவதற்கு என்னைப் பிடித்தார் பார், அங்கேயே தெரிந்துகொள் எவ்வளவு கலங்கிப் போயிருந்தார் என்று.

ஞாயிற்றுக்கிழமை நான், அம்மா, சித்தப்பா மூவரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். மகன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன், ஆறடி உயரம், முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நான் உன் எட்டுப் படியை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். முதல் படி நம்பிக்கை தம்பி என்று ஆரம்பித்தேன், மூன்றாவதில் நாக்கு ஒட்டிக்கொண்டது, விட்டுப்போன படியைப் பிறகும் ஏறலாமாம், என் மகள் படிக்கிறாள் என்று குறுக்கே தாவினேன். அவன் என்னைப் பார்த்து, லிஃப்ட்காரருக்குப் படி எதுக்குங்க என்றான். உன் அம்மா என் தொடையில் கிள்ளினாள். பிறகு அவன் சித்தப்பாவிடம் திரும்பினான்.

“கொஞ்ச நாளா எங்கம்மா வேலை முடிஞ்சு பாட்டு முணுமுணுத்துக்கிட்டே வர்றாங்க. நீங்க அப்படி என்னதான் பேசுவீங்க?”

சித்தப்பா நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். “நான் ஒண்ணும் பேச மாட்டேன் தம்பி. அவங்க பேசுவாங்க, நான் கேட்டுக்கிட்டு இருப்பேன்.”

“அம்மாவா பேசுவாங்க?” என்று கேட்டான் அவன். அப்பா போனதிலிருந்து வீட்டில் கேட்டதற்கு மட்டும்தான் பதில் வரும் என்று மெல்லச் சொன்னான். எழுந்து உள்ளே போனான். காரியம் கெட்டது என்று நான் செருப்பைத் தேடினேன். அவன் தன் அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து சித்தப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தான். அப்புறம் என்னைப் பார்த்து, மிச்சப் படியையும் சொல்லுங்க ஐயா, சாயங்காலம்வரை எனக்கு வேலை இல்லை என்றான். எனக்குக் கண் கலங்கியதில் ஏற்கனவே சொன்னதும் மறந்துபோனது.

அடுத்த மாதக் கடைசியில் பதிவுத் திருமணம். அத்தை இப்போது புடவை நிறத்தைப் பற்றி மட்டும்தான் குறை சொல்கிறாள். நீ லீவுக்கு இன்றே சொல்லி வை, படிப்பு படிப்பு என்று சாப்பாட்டை விடாதே, கண்ணுக்கு ஓய்வு கொடு. நீ எந்தப் படியில் நின்றாலும் சந்தோஷமாக நில், எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கும். மறக்காமல் ஒன்று செய்ய வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு லிஃப்ட் இல்லாத இடத்தில் இரண்டு பேரும் தனியாக இருந்தால் என்ன பேசுவது என்று உன் சித்தப்பா தினமும் என்னைக் கேட்கிறார். நான் உன் அம்மாவிடம் கேட்டேன், அவள் சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. உன் ஆசிரியரிடம் விசாரித்துச் சீக்கிரம் எழுது, மனுஷன் காத்திருக்கிறார்.

அன்புடன்,
உன் அப்பா