கெப்பிங்கன் வந்தால் குனிய வேண்டும்

மச்சாள்,

ஜெர்மனியிலிருந்து நேற்றுத்தான் திரும்பி வந்தேன். ரயில் டிக்கெட்டைப் பத்திரமாக வைக்கலாமென்று உங்கள் கறுப்புக் கைப்பையைத் திறந்தால், தைலமும் ஏலக்காயும் கலந்த அதே வாசம் குப்பென்று அடித்தது. உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு உங்கள் மகள், “மாமி, அம்மாவின்ர ஞாபகத்துக்கு வைச்சிருங்கோ” என்று தந்த பை. அடியில் அந்தக் கறுத்தக் கண்ணாடி கிடந்தது. அதைக் கண்டதும் தனியே இருந்து சிரித்துவிட்டேன். உங்கள் தம்பி எட்டிப் பார்த்து, “என்னப்பா, விசரோ உமக்கு?” என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

அந்தக் கண்ணாடியை நீங்கள் வெயிலுக்கு வாங்கவில்லை. சொந்தக்காரருக்குப் பயந்து வாங்கினீர்கள்.

எங்கள் ஆட்களின் சட்டம் உங்களுக்குத் தெரியாததா? ஓர் ஊரில் சொந்தம் இருக்கும்போது ஹோட்டலில் நிற்பது கொலைக்குற்றம். போனால் அவர்கள் வீட்டில் நிற்க வேண்டும், மூன்று வேளையும் சாப்பிட வேண்டும், பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டு வீடியோவை முழுசாகப் பார்க்க வேண்டும். ஒருநாள் லண்டனில் உங்கள் தோர்ண்டன் ஹீத் வீட்டில் றோல்ஸ் சுற்றிக்கொண்டே கொதித்தீர்கள். “முப்பது வருசமா ஜெர்மனிக்குப் போய் வாறன். ஜெர்மனியை இன்னும் காணேல்ல. சோபாக்களைத்தான் கண்டனான்.”

உல்ம் என்ற ஊரில் வானத்தைத் தொடுகிற தேவாலயக் கோபுரம் இருக்கிறது, அதில் ஒருமுறை ஏற வேண்டும் என்பது உங்கள் ஆசை. அதற்காகவே நாங்கள் இரண்டு பேருமாக ஸ்ருட்கார்ட்டில் ஹோட்டல் எடுத்தோம், ஒருவருக்கும் சொல்லாமல். முதல் நாள் டியூபிங்கனுக்குப் போய் ஆற்றங்கரையில் காலாட்டிக்கொண்டிருந்தோம். “பாரும், ஒருத்தரும் சாப்பிடு சாப்பிடு எண்டு கரைச்சல் தரேல்ல” என்று சொன்னபோது உங்கள் முகத்தில் இருந்த சந்தோசம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

இரண்டாம் நாள்தான் உல்ம். அந்த மாநிலத்தின் சின்ன ரயில்களில் நாள் முழுக்க ஓடித் திரியும் டிக்கெட் எடுத்து, காலையில் ஏறினோம். இடையில் கெப்பிங்கன். உங்கள் தங்கச்சி, சின்னம்மாவின் மகள், இருக்கிற ஊர். அவளுக்கு நாங்கள் சொல்லவில்லை. ரயில் வேகம் குறைய, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “குனியும், குனியும்!” என்று என் கழுத்தைப் பிடித்து அமுக்கினீர்கள். வேலை நாளில் அவள் பிளாட்போமில் நின்று எங்களையா தேடப்போகிறாள்? சொன்னால் கேட்டீர்களா! இருக்கைகளுக்கு நடுவே இருவரும் குந்தியிருக்க, டிக்கெட் பரிசோதகர் வந்துவிட்டார். ஏதும் தொலைந்துபோயிற்றா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“நோ, நோ. ரிலேட்டிவ்ஸ்” என்றீர்கள்.

அந்த மனுசனுக்கும் இருந்திருப்பார்கள் போல. தலையை ஆட்டிவிட்டு டிக்கெட்டைக்கூடப் பார்க்காமல் போனார்.

ரயில் வெளிக்கிட்டது. தப்பினோம் என்று நிமிர்ந்தால், எதிரே கைக்குழந்தையோடு ஒரு தமிழ்ப் பிள்ளை வந்து இருக்கிறாள். பேசாமல் இருங்கோ என்று உங்கள் காலை மிதித்தேன். ஐந்து நிமிடம் பொறுத்தீர்கள், அவ்வளவுதான்.

“பிள்ளை, நீர் எந்த ஊர்?”

அட கோதாரி! பத்தே நிமிடத்தில் ஊர் வந்தது, ஒழுங்கை வந்தது, அப்பப்பா, அம்மப்பா எல்லாரும் வந்தார்கள். கடைசியில் நீங்கள் தங்கச்சியின் பேரையும் சொல்ல, “ஐயோ அன்ரி, அவ எங்கட பக்கத்து வீடெல்லோ!” என்று அந்தப் பிள்ளை போனை எடுத்துவிட்டாள். போனுக்குள் உங்கள் தங்கச்சி ஒப்பாரியே வைத்தாள். “அக்கா, நான் செத்தோ போனன்? ஹோட்டலில நிக்கிறியளோ?” அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்தோம். அன்றைக்கு மத்தியானம் நண்டுக்குழம்பு. பின்னேரம் வீடியோ. மறுநாள் காலை விமானம்.

விமானத்தில் உங்களோடு நான் ஒரு சொல் பேசவில்லை. வாயை ஒரு மணித்தியாலம் மூடி வைத்திருக்க ஏலாதா என்று கோபம். “அடுத்தமுறை ஒருத்தரோடையும் கதைக்கிறேல்ல. சத்தியம்” என்றீர்கள். அடுத்தமுறை வரவில்லை. ஆஸ்பத்திரியில், மூச்சு வாங்க வாங்க என் கையைப் பிடித்து, “நீர் போய் ஏறும். வழியில ஒருத்தரோடையும் கதைக்காதையும்” என்றீர்கள். சிரிக்கவா அழவா என்று தெரியாமல் ஓம் என்றேன்.

போனேன், மச்சாள். கெப்பிங்கனில் நிமிர்ந்தே இருந்தேன். உல்ம் கோபுரத்தில் ஆட்களை ஏறவிடுகிற இடம்வரை ஏறினேன். முழங்கால் இரண்டும் உங்களைத் திட்டின. மேலே நின்று ஆற்றையும் கூரைகளையும் பார்த்து, “பாருங்கோ மச்சாள்” என்று பக்கத்தில் திரும்பினேன். ஒரு சீன தேசத்துப் பெடியன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். சொன்னபடி ஒருவரோடும் கதைக்கவில்லை. வாழ்க்கையில் அப்படியொரு வெறுமையான நாளை நான் கண்டதில்லை.

திரும்பும்போது ரயில் வேகம் குறைந்தது. கெப்பிங்கன். என் தலை தன்பாட்டில் குனிந்தது. இடிப்பதற்கு உங்கள் தோள் பக்கத்தில் இல்லை. அப்படியே கொஞ்ச நேரம் குனிந்திருந்து அழுதேன். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

வாக்கை மீறினேன், மன்னியுங்கோ. உங்கள் தங்கச்சிதான் கதவைத் திறந்தாள். “சொல்லாமல் கொள்ளாமல்…” என்று தொடங்கியவள், நிறுத்திவிட்டு, என் தோளுக்கு மேலால் வாசலை எட்டிப் பார்த்தாள். உங்கள் செத்தவீட்டுக்கு வந்து என்னைவிடக் கூட அழுதவள் அவள். அப்படியிருந்தும் பார்த்தாள்.

நானும் திரும்பிப் பார்த்தேன்.