காந்தல் என்று எழுதிய பேணி

சேர்,

இன்று காலை சோறு அடிப்பிடித்துவிட்டது. "மாமா, உலையைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று மருமகள் சொல்லிவிட்டுத்தான் சந்தைக்குப் போனாள். நானும் அடுப்படியில்தான் இருந்தேன். ஆனால் உங்களுக்கு எழுதத் தொடங்கியிருந்தேன். 'சேர்' என்பதற்கு ஒற்றைக் கொம்பா, இரட்டைக் கொம்பா என்று யோசித்து முடிப்பதற்குள் காந்தல் மணம் வந்துவிட்டது.

அந்த மணம் வந்தால் எனக்குக் கம்பஸில் உங்கள் மேசைதான் நினைவுக்கு வரும். ஓய்வுபெற்ற பிறகும் ஆய்வுகூடத்தில் ஒரு மூலையை உங்களுக்கு விட்டிருந்தார்கள். கோப்பாயிலிருந்து உங்களை ஓட்டோவில் ஏற்றிவந்து, மரத்தடியில் காத்திருப்பேன். ஒருநாள் யன்னலால் கூப்பிட்டீர்கள். "வெயிலுக்கை இருந்து என்ன செய்யிறீர் கந்தையா? வந்து இதைக் கிண்டும்."

நிக்கல் கரைந்த தண்ணீர் பச்சை. இரும்பு கரைந்தது செம்மண் நிறம். மூன்றாவதை நாகம் என்றீர்கள்.

"நாகம் எண்டா பாம்பெல்லோ, சேர்?"

"இது வாளிக்குப் பூசிற நாகம். கடிக்காது."

தேசிக்காய்ப் புளிப்புள்ள ஒரு வெள்ளைத் தூளையும் போட்டுச் சூட்டில் வைத்துக் கிண்டினேன். தொதல் இனிப்புப் போல இறுகி வந்தது. பிறகு தானாகவே பொங்கி, ஓரத்தில் ஒரு பொறி பிடித்து, அந்தப் பொறி மெல்ல மெல்ல எல்லாவற்றையும் தின்றது. மிஞ்சியது கறுத்த பஞ்சு. அதை அரைத்து, சின்ன வளையமாக அழுத்தி, உலையில் சுட்டால் பெரைற்று என்ற காந்தக் கல். றேடியோவுக்குள் இருக்கும் கறுப்புக் கோலின் உறவுக்காரன் என்றீர்கள். காந்தம் கிட்ட வந்தால் தானும் காந்தமாகும், காந்தம் போனால் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால்தான் அதற்கு மென்காந்தம் என்று பெயராம்.

உங்கள் கண்ணின் நடுவில் அப்போதே ஒரு கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது. ஓரத்தால் ஆளைத் தெரியும், எழுத்துத் தெரியாது. எந்தத் தகரப் பேணிக்குள் எவ்வளவு நாகம் என்று எழுத இன்னொரு கை வேண்டியிருந்தது. எனக்கு ஓர் எழுத்தும் தெரியாதென்று உங்களுக்குத் தெரியும். "நான் எழுத்தை மறக்கிறன், நீர் பழகும். ரெண்டு பேரிலை ஒராளுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றீர்கள். மட்டைப் பெட்டியில் தடித்த பேனையால் நான் பெரிதாக எழுதுவேன். நீங்கள் கோழி பார்ப்பதுபோலத் தலையைச் சரித்து, கடைக்கண்ணால் பார்த்துத் திருத்துவீர்கள்.

நாகம் கூடக் கூட, வளையம் குறைந்த சூட்டிலேயே காந்தத்தை விட்டுவிடும். கடைசி வளையத்துக்குத்தான் நாகம் ஆகக் கூடுதல். அது கொதிநீரிலேயே விட்டுவிடும் என்பது உங்கள் கணக்கு. "கண் முழுக்க மூடுறதுக்கு முதல் அது விழுறதைப் பாக்கவேணும், கந்தையா." அதைத் தவிர அந்த மாதங்களில் நீங்கள் வேறொன்றும் கேட்டதில்லை.

அதைச் சுட்டெடுத்த அன்று நீங்கள் கண் கிளினிக்கில் இருந்தீர்கள். நானே பேணியில் போட்டு, நானே பெயர் எழுதினேன். காந்தம் என்று எழுதத்தான் நினைத்தேன். வாய் சொல்லிக்கொண்டிருக்க, மூக்கில் காந்தல் மணம் இருக்க, கை 'ல்' போட்டுவிட்டது.

மறுநாள் வந்து பார்த்தால் மேசையில் பேணி மட்டும் கழுவிக் கவிழ்த்திருந்தது. துப்புரவு செய்யும் மலர் ஈக்கில் விளக்குமாற்றோடு நின்றாள்.

"காந்தல் எண்டு எழுதிக் கிடந்தது. காந்தினதை ஆர் வைச்சிருப்பினம்? கொட்டிப்போட்டன்."

நான் தலையில் கை வைத்தேன். நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே கதிரையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தீர்கள். "பாத்தீரோ, உம்மடை எழுத்தை ஒராள் வாசிச்சு, அதின்படி நடந்திருக்கு. எத்தினை வருசம் எழுதின எனக்கு அது கிடைக்கேல்லை."

மலருக்கு அழுகை வந்துவிட்டது. அவள்தான் முதலில் குப்பைக்குப் போனாள். நான் காந்தத்தை நூலில் கட்டி, தூண்டில் போடுவதுபோலக் குப்பைக்குள் விட்டு இழுத்தேன். ஆணிகள் வந்தன. ஒரு சோடா மூடி வந்தது. பிறகு வளையங்கள் வந்தன. பழுதென்று நாங்கள் முன்பு எறிந்தவையும் அதற்குள் கிடந்தன. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே அளவு.

"இதுக்குள்ளை எங்கடை ஆள் ஆர்?" என்றேன்.

"கேத்தலைப் போடும்."

கண்ணாடிப் பாத்திரத்தில் கொதிநீரை ஊற்றினோம். ஒவ்வொரு வளையமாகக் காந்தத்தில் ஒட்டி இறக்கினேன். முதலாவது விடவில்லை. அடுத்ததும் விடவில்லை. நீங்கள் தலையைச் சரித்து, கடைக்கண்ணைப் பாத்திரத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தீர்கள். ஆவி கண்ணாடியை மூடிவிட்டது. எனக்கே ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் அடியில் 'கிணுக்' என்று ஒரு சத்தம்.

"விழுந்திட்டுதோ?"

"ஓம் சேர்."

"கேட்டது. எனக்கு வடிவாக் கேட்டது."

மூன்று பேரும் அந்தக் கேத்தலில் மிஞ்சிய தண்ணீரில் தேத்தண்ணி குடித்தோம். நான் பேணியின் பெயரைத் திருத்தப் பேனையை எடுத்தேன். "விடும், காந்தின பிறகுதானே காந்தம்" என்று என் கையைப் பிடித்தீர்கள்.

போன மாரியில் நீங்கள் போய்விட்டீர்கள். பேணியையும் வளையத்தையும் உங்கள் மகள் என்னிடம் தந்தார். பேணியைத் தடவிப் பார்த்து, "கந்தையாவின்ரை எழுத்து" என்று வருகிறவர்களிடம் சொல்லுவீர்களாம்.

மருமகள் வந்து பானையைப் பார்த்தாள், பிறகு நான் எழுதிக்கொண்டிருந்த கொப்பியைப் பார்த்தாள். "ஆருக்கு மாமா?" என்றாள். "சேருக்கு" என்றேன். பானையில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தாள்.

நான் கேத்தலைப் போட்டு, வளையத்தைக் காந்தத்தோடு இறக்கினேன். கண்ணை மூடிக்கொண்டேன். கிணுக் என்றது. தண்ணீர் ஆறும்வரை இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதினேன். இப்போது காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். வளையம் எழும்பி வந்து ஒட்டிக்கொண்டது.

பேணியில் இன்னும் காந்தல் என்றுதான் இருக்கிறது. 'ம்' எழுத எனக்கு இப்போது நன்றாகத் தெரியும், சேர்.

கந்தையா